காட்சி நூற்றுப் பதினான்கு

நாவலில் அவள் முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில்
மூழ்குகிறாள்.
எங்கள் நாட்டில் இது தெரியாமல்
யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை.
படகுத்துறைக்காரர் மகள் கலினா,
அக்கரைத் தந்தி குமாஸ்தா,
நடுவில் டான்யூப்.
அவள் மூழ்கிய பிறகும் இருபது பக்கத்துக்கு மழை பெய்யும்.
வாத்தியார்கள் அந்த மழையிலிருந்துதான் கேள்வி எடுப்பார்கள்.

நாங்கள் படமெடுக்கப் போன வருஷம்
ஆறு உறைந்துவிட்டது.

சிலிஸ்த்ராவில் பதினோரு நாள் காத்திருந்தோம்.
இயக்குநர் கவாசொவ் விடிந்ததும்
கோடாரியோடு கரைக்குப் போவார்.
பனியை ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு
கடன் கேட்டுக் கிடைக்காதவர் போலத் திரும்பி வருவார்.
சோஃபியாவிலிருந்து தந்தி வந்தது:
இனிச் சுருள் கிடையாது, வெள்ளிக்குள் முடி.
"ஆறே செத்துக் கிடக்கிறது,
அதில் ஒருத்தியை எப்படிச் சாகவைப்பது?" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
ஒளிப்பதிவாளர் மட்டும் தன் பிளம் சாராயத்தை
அவர் பக்கம் தள்ளினார்.

என் வேலை தொடர்ச்சி பார்ப்பது.
எந்தக் கையில் கையுறை,
கோட்டில் எத்தனை பொத்தான் திறந்திருக்கிறது,
கன்னத்துச் சேறு இடமா வலமா.
சாவதற்கு முன் ஒருத்தி எப்படி இருந்தாள் என்பது
அவளைவிட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
இருபத்து மூன்று வயதில்
அது சம்பளம் வாங்கிக்கொண்டு படும் பொறாமை.

வியாழன், மாலை மூன்றே முக்கால்.
நெவேனா பனிமேல் இறங்கினாள்.
"நட" என்றார் கவாசொவ்.
எதுவரை என்று சொல்லவில்லை.

அக்கரை ருமேனியா.
அங்கேயும் இதே கோட்டு, இதே துப்பாக்கி,
சுவரில் மட்டும் வேறு முகம்.
ஆனாலும் எல்லை எல்லைதானே.
எங்கள் பக்கத்துக் காவலன் ஆஸெனுக்குப் பத்தொன்பது வயது.
துப்பாக்கியை விட்டுவிட்டுத்
தொப்பியைப் பிடித்துக்கொண்டான்.

நாற்பதாவது விநாடியில் கேமராவின் எண்ணெய் உறைந்தது.
கடைசியாய்ப் பதிந்தது வெறும் வெள்ளை.
பிற்பாடு ஒரு விமர்சகர் அதை
மரணத்தை மறுக்கும் மௌனம் என்று எழுதினார்.
சுருள் சிக்கிக்கொண்டது, ஐயா.
வெளிச்சம் கசிந்தது.

ஆனால் அவளிடம் யாரும் 'கட்' சொல்லவில்லை.
நடந்தாள்.
நடு ஆற்றில் ஒரு முறை நின்று குனிந்தாள்.
காலணி வாரை இறுக்கினாளோ,
பனிக்கடியில் ஓடும் தண்ணீருக்குக் காது கொடுத்தாளோ.
என் நோட்டில் அந்த இடம் காலி.
பிறகு அக்கரையில் ஒரு புள்ளி கை உயர்த்தியது.
இரண்டு புள்ளிகள் அருகருகே நின்றன.
ஒரு தீக்குச்சி எரிந்ததைப் பார்த்தேன்.
பார்க்க ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம்.

இருட்டிய பின் திரும்பி வந்தாள்,
இடது கையுறை இல்லாமல்,
புகையிலை வாசத்தோடு.
என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று
ஆளாளுக்குக் கேட்டோம்.
"எனக்கு ருமேனிய பாஷை தெரியாதே," என்றாள்.
"சூப் மிச்சம் இருக்கிறதா?"

படம் ஒரே ஒரு புதன்கிழமை ஓடியது.
ரூஸெ தொழிலாளர் மன்றம், நாற்பத்து மூன்று பேர்.
எங்கள் பெண்ணை ஏன் சாக விடவில்லை என்று
ஓர் ஆசிரியை அழுதுகொண்டே சண்டைக்கு வந்தார்.
மேலிடம் கேட்டது வேறு:
அவள் ஏன் அக்கரைக்கு நடந்தாள்?
இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை.
டப்பாவை நிலவறைக்கு அனுப்பினார்கள்.
இரண்டு வருஷம் கழித்து வேறொருவர்
அதே நாவலை வண்ணத்தில் எடுத்தார்.
கலினா அழகாக மூழ்கினாள்.
ஊருக்கே நிம்மதி.

நெவேனா வர்னாவில் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டாள்.
அப்புறம் நடிக்கவில்லை.

போன மாதம் ப்லோவ்திவிலிருந்து ஒரு மாணவன் கடிதம்.
நிலவறையில் டப்பாவைத் திறந்திருக்கிறான்.
உங்கள் படத்தில் கலினா சாகிறாளா இல்லையா,
ஆய்வேட்டுக்கு வேண்டும், தயவுசெய்து.
கவாசொவ் இல்லை. ஒளிப்பதிவாளர் இல்லை.
நெவேனா போய் ஆறு வருஷம்.
நோட்டை எடுத்தேன், நீல மை பரவிய பக்கம்.
இருந்ததை இருந்தபடி எழுதி அனுப்பினேன்:

காட்சி 114.
இடது கையுறை, இல்லை.
மேல் பொத்தான், திறந்திருக்கிறது.
காலணி, நனையவில்லை.